திருச்சிக்கு ஆசைப்பட்ட மைசூர்த் தளவாய்: கேள்வி-பதில்

இங்கிலாந்தில் வார்விக் பிரபு என்பவர் ராஜாக்களை ஏற்றி இறக்கியதாகப் படித்தேன். நம் மைசூரில் அப்படி யாராவது உண்டா?
(சரஸ்வதிபுரம், மைசூரு)

உண்டு. அதுவும் அண்ணன் தம்பி இரண்டு பேர். அண்ணன் தளவாய் தேவராஜய்யா, தம்பி சர்வாதிகாரி கரச்சூரி நஞ்சராஜய்யா. நஞ்சன்கூட்டுக்குப் பக்கத்துக் களலே ஊர்க் குடும்பம். படை அண்ணன் கையில், வரவு செலவும் நிர்வாகமும் தம்பி கையில். சிம்மாசனத்தில் உட்காரும் வேலை மட்டும் உடையாருக்கு.

1734-ல் ஏழாம் சாமராஜ உடையார் சொந்தமாக ஆள ஆசைப்பட்டார். தளவாய் அவரைப் பிடித்துக் கப்பாள துர்க்கத்துக்கு அனுப்பிவிட்டார். அந்த மலையின் தண்ணீரே ஆளைக் கொல்லும் என்று பேர் வாங்கிய சிறை அது. சாமராஜர் திரும்பி வரவில்லை. அடுத்து முடிசூட்டப்பட்ட இரண்டாம் கிருஷ்ணராஜ உடையாருக்கு அப்போது வயது ஆறு. ஆறு வயது ராஜா எதிர்த்துப் பேசமாட்டார் என்பது கணக்கு. 1739-ல் தம்பி நஞ்சராஜர் சர்வாதிகாரியானார். பிறகு தன் மகளையே ராஜாவுக்குக் கட்டிக்கொடுத்து மாமனாரும் ஆனார்.

வார்விக்கோடு ஒப்பிடுவது எவ்வளவு தூரம் பொருந்தும்?
(கும்பகோணம்)

வியக்கும் அளவுக்குப் பொருந்தும். வார்விக் பிரபு ரிச்சர்ட் நெவில் 1461-ல் நான்காம் எட்வர்டை அரியணையில் ஏற்றினார். 1469-ல் அதே எட்வர்டைப் பிடித்துக் காவலில் வைத்தார். அடுத்த வருஷம் பிரான்ஸ் மன்னர் பதினோராம் லூயியிடம் போய்க் கைகோத்து, முன்பு தானே விரட்டிய ஆறாம் ஹென்றியை மீண்டும் ராஜாவாக்கினார். மூத்த மகளை எட்வர்டின் தம்பிக்கும் இளையவளை ஹென்றியின் மகனுக்கும் கொடுத்தார். எந்தப் பக்கம் ஜெயித்தாலும் ஒரு மாப்பிள்ளை மிச்சம். 1471 ஏப்ரல் 14 அன்று பார்னெட் போர்க்களத்தில் உயிரை விட்டார்.

நஞ்சராஜரும் ராஜாவுக்குப் பெண் கொடுத்தார். ராஜாவை அரண்மனைக்குள்ளேயே அடக்கிவைத்தார். காரியம் கைகூடாதபோது பிரெஞ்சுக்காரர் பக்கம் போனார். இரண்டு பேருக்கும் நடுவே 280 வருஷம் இடைவெளி. பாதை மட்டும் ஒன்று.

பெரிய வித்தியாசம் ஒன்றும் சொல்லவேண்டும். கடல் தாண்டிய கலே துறைமுகமும் அதன் படையும் வார்விக்கின் கையில் உண்மையாகவே இருந்தன. இங்கிலாந்தில் தோற்றால் ஓடி ஒதுங்க ஓர் இடம். நஞ்சராஜரிடம் இருந்ததோ திருச்சிராப்பள்ளியைத் தருகிறோம் என்று ஒரு வாக்குறுதி. அதை நம்பி ஒரு ராஜ்யத்தின் கஜானாவைக் கரைத்தார்.

திருச்சிக்கும் மைசூருக்கும் என்ன சம்பந்தம்? யார் வாக்குக் கொடுத்தது?
(உறையூர், திருச்சி)

கொடுத்தவர் ஆற்காட்டு நவாப் முகமது அலி. 1751-ல் நவாப் பதவிக்குப் போட்டியிட்ட சந்தா சாகிபும் பிரெஞ்சுப் படையும் அவரைத் திருச்சிக் கோட்டைக்குள் அடைத்துவிட்டார்கள். வெளியே அவருக்கென்று ஓர் ஊர் இல்லை. கையில் காசும் இல்லை. மைசூருக்குத் தூது விட்டார்: என்னைக் காப்பாற்றினால் திருச்சியையும் அதைச் சேர்ந்த சீமை முழுவதையும், கன்னியாகுமரி முனை வரை, உங்களுக்கே தருகிறேன்.

அண்ணன் தேவராஜய்யா வேண்டாம் என்றார். தூரத்துப் போர், அடுத்தவன் சண்டை, பணம் வெளியே போகும், படை வெளியே போகும், வடக்கே மராட்டியரும் நிஜாமும் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். அவர் பயந்தது ஒவ்வொன்றாக நடந்தது. தம்பி கேட்கவில்லை. 1752 தொடக்கத்தில் சுமார் 5,000 குதிரையும் 10,000 காலாளும் கொண்டு திருச்சிக்கு வந்து சேர்ந்தார். மராட்டியத் தலைவர் முராரி ராவின் குதிரைப் படையையும் கூலிக்கு அமர்த்தியிருந்தார். அந்தச் செலவும் மைசூருடையது.

போர் நவாபுக்குச் சாதகமாக முடிந்தது. ஜூன் மாதம் ஸ்ரீரங்கத்தில் பிரெஞ்சுப் படை சரணடைந்தது. தஞ்சைத் தளபதி மானோஜியிடம் சிக்கிய சந்தா சாகிபின் தலை போயிற்று. இனிப் பேசியபடி கோட்டையைக் கொடுங்கள் என்று நஞ்சராஜர் கேட்டார். நவாப் இரண்டு மாதம் தவணை கேட்டார். பிறகு, திருச்சி டில்லி பாதுஷாவின் சொத்து, நான் எப்படிக் கொடுக்கமுடியும் என்றார். வாக்குக் கொடுத்தபோது அது யாருடைய சொத்து என்று அவருக்குத் தெரியாதா? கழுத்தில் கத்தி இருந்தபோது கொடுத்த வாக்கு. கத்தி விலகியதும் வாக்கும் விலகியது.

இந்த ஒரு விஷயத்தில் நான் முழுக்க நஞ்சராஜர் பக்கம். அவர் ஏமாற்றப்பட்டார்.

இங்கிலீஷ்காரர்கள் நியாயம் சொல்லவில்லையா?
(தில்லைநகர், திருச்சி)

அந்த ஒப்பந்தம் நவாபுக்கும் மைசூருக்கும் நடுவில் உள்ளது, எங்களுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை என்று ஒதுங்கினார்கள். ஆனால் கோட்டைக்குள் காவல் இருந்தது அவர்களுடைய கேப்டன் டால்டன். கோட்டை யார் கையில் போகக்கூடாது என்பதில் மட்டும் அவர்களுக்குச் சம்பந்தம் இருந்தது.

கோட்டை கிடைக்காது என்று தெரிந்ததும் ஊர் திரும்பியிருக்கலாமே?
(பொள்ளாச்சி)

திரும்பியிருந்தால் மைசூரின் சரித்திரமே வேறு. ஆனால் வெறுங்கையோடு திரும்பினால் அண்ணனிடம் என்ன சொல்வது, செலவுக்கு யாருக்குக் கணக்குக் காட்டுவது? ஸ்ரீரங்கத்தில் கூடாரம் போட்டு உட்கார்ந்தார். காவிரியின் மேல்முனையில் ஸ்ரீரங்கப்பட்டணம், கீழே ஸ்ரீரங்கம். இரண்டும் ஆற்று நடுவே தீவு, இரண்டிலும் பள்ளிகொண்டவர் அதே ரங்கநாதர். ஆதிரங்கத்திலிருந்து வந்தவர் அந்த்யரங்கத்தில் மூன்று வருஷம் தங்கினார்.

புதுச்சேரியின் பிரெஞ்சு கவர்னர் துய்ப்ளே அவருக்கு ஆள் அனுப்பினார். 1753-ல் மைசூரும் பிரெஞ்சும் ஒரே அணி. நஞ்சராஜர் கோட்டைக்குள் வஞ்சகத்தால் நுழையப் பார்த்தார், முடியவில்லை. பட்டினி போட்டுப் பார்த்தார், அது கிட்டத்தட்ட பலித்தது. கோட்டைக்குள் இருந்த தானியத்தை நவாபின் மைத்துனரே விற்றுத் தின்றுவிட்ட சங்கதி டால்டனுக்குத் தாமதமாகத்தான் தெரிந்தது. சில வாரத்துக்கு மட்டுமே சோறு இருந்தது. அந்தத் தருணத்தில் இங்கிலீஷ் படையின் மேஜர் லாரன்ஸ் வந்து சேர்ந்தார். 1753 ஜூனில் பொன்மலை அடியில் ஒரு போர், செப்டம்பரில் இன்னொரு போர், இரண்டிலும் ஜெயித்து அரிசிக்கு வழி திறந்தார். இன்று ரயில்வே பணிமனைக்குப் பேர்போன அந்தப் பொன்மலையில்தான் மைசூரின் திருச்சிக் கனவு முறிந்தது.

மூக்கறுப்புப் போர் நடத்தியவர் இவர்தானா?
(திண்டுக்கல்)

இல்லை. அது ஏறத்தாழ நூறு வருஷம் முந்தியது. கண்டீரவ நரசராஜ உடையாரின் படை, மதுரை திருமலை நாயக்கரின் சீமைக்குள் புகுந்து செய்த கொடுமை. சேதுபதியின் உதவியோடு மதுரைப் படை அதைத் திருப்பிக் கொடுத்தது. ஆனால் நஞ்சராஜரின் குதிரைக்காரர்களும் அந்தப் பழக்கத்தை விடவில்லை. முற்றுகை நாளில் திருச்சிக்குள் அரிசி கொண்டுபோன ஏழைகளின் மூக்கை அறுத்து அனுப்பியிருக்கிறார்கள். ராஜாக்களின் சண்டையில் கூலிக்கு மூட்டை தூக்கியவனின் முகம் போயிற்று. வாக்குத் தவறிய நவாபைத் திட்டுகிற நாம் இதையும் மறக்கக்கூடாது.

மருதநாயகமும் இவரும் மோதியிருக்கிறார்களா?
(மதுரை)

நேருக்கு நேர் என்பதைவிட, நடுவே ஒரு கடிதம் மோதியது என்று சொல்லவேண்டும். மருதநாயகம் என்கிற முகமது யூசுப் கான் அப்போது லாரன்ஸின் கீழ் சிப்பாய்த் தளபதி. மைசூர்க் குதிரைகளுக்குத் தப்பி உணவு வண்டிகளைத் திருச்சிக்குள் கொண்டுவரும் கலையில் அவருக்கு நிகர் கிடையாது. லாரன்ஸின் மொழிபெயர்ப்பாளர் பொன்னியப்பன் என்பவருக்கு அவர்மேல் பகை. யூசுப் கான் மைசூரோடு ரகசியமாகப் பேசுகிறார் என்று தோன்றும்படி மைசூர்த் தரப்பிலிருந்து ஒரு கடிதம் வரவைத்து, அது இங்கிலீஷ்காரர் கையில் சிக்கும்படியும் செய்தார். 1754-ல் விசாரணை நடந்தது. குட்டு உடைந்தது. பொன்னியப்பனைப் பீரங்கி வாயில் கட்டிச் சுட்டார்கள்.

யூசுப் கான் அன்று தப்பினார். பத்து வருஷம் கழித்து, 1764-ல், அவர் யாருக்காக அரிசி சுமந்தாரோ அவர்களே அவரை மதுரையில் தூக்கிலிட்டார்கள்.

கடைசியில் எப்போது திருச்சியை விட்டுப் போனார்?
(ஸ்ரீரங்கம்)

1755 ஏப்ரல். அதற்கு முன்பே துய்ப்ளேவைப் பாரிஸ் திருப்பி அழைத்துக்கொண்டது, இங்கிலீஷும் பிரெஞ்சும் தங்களுக்குள் சமாதானம் பேசிவிட்டன. மைசூரை யாரும் கேட்கவில்லை. அதே சமயம் ஹைதராபாத் நிஜாம் சலாபத் ஜங், பிரெஞ்சுத் தளபதி புஸ்ஸியையும் கூட்டிக்கொண்டு ஸ்ரீரங்கப்பட்டணத்தின் வாசலுக்கு வந்து 56 லட்சம் ரூபாய் கேட்டார். ஆம், தெற்கே மைசூரின் தோழர்களாக இருந்த அதே பிரெஞ்சுக்காரர்கள்! கஜானாவில் பணம் இல்லை. தேவராஜய்யா கோவில் நகைகளையும் ராஜாவின் ஆபரணங்களையும் எடுத்துக் கொடுத்தும் மூன்றில் ஒரு பங்குதான் தேறியது. மீதிக்கு ஆட்களைப் பிணை கொடுத்தார்.

ஹைதர் அலி இவரிடம் வேலை பார்த்தவராமே?
(ஸ்ரீரங்கப்பட்டணம்)

1749-ல் தேவனஹள்ளி முற்றுகையில் ஹைதரின் துணிச்சலைக் கண்டு கைதூக்கிவிட்டவர் நஞ்சராஜர்தான். திருச்சிப் போரில் எஜமான் இழந்தார், சேவகன் சேர்த்தான். 1755-ல் ஹைதரைத் திண்டுக்கல்லுக்கு ஃபௌஜ்தாராக அனுப்பினார். அங்கே பிரெஞ்சு ஆட்களை வைத்து ஆயுதப் பட்டறையே போட்டார் ஹைதர்.

ஒரு சம்பவம் சொல்கிறேன். மைசூர்ச் சரித்திரம் எழுதிய வில்க்ஸ் பதிவு செய்தது. பாளையக்காரரோடு நடந்த சண்டையில் காயம்பட்டவர்களுக்குப் படி கொடுக்க நஞ்சராஜர் ஒரு அதிகாரியை அனுப்பினார். உண்மையில் காயம்பட்டவர்கள் 67 பேர். அதிகாரி பார்த்தபோது எழுநூறு பேர் மஞ்சள் தோய்ந்த கட்டுகளோடு வரிசையாக இருந்தார்கள். எழுநூறு பேருக்கும் பணம் வந்தது. அரசாங்கம் ஏமாந்த இடத்தில் சிப்பாய்க்குச் சம்பளம் தவறாமல் கிடைத்தது. நஞ்சராஜரின் சிப்பாய்க்கு அது கிடைக்கவில்லை. அவருடைய வீழ்ச்சிக்கு இதைவிடப் பெரிய காரணம் தேடவேண்டாம் என்பது என் முடிவு.

ராஜா ஒருநாளும் எதிர்க்கவில்லையா?
(நஞ்சன்கூடு)

எதிர்த்தார், 1756-ல். அப்போது கிருஷ்ணராஜருக்கு 28 வயது. மாமனார் பிடியிலிருந்து விடுபட அரண்மனைக்குள் ஆள் சேர்த்தார். விஷயம் வெளியே வந்தது. நஞ்சராஜர் பீரங்கியால் அரண்மனைக் கதவை உடைத்து உள்ளே போய், ராஜாவின் ஆதரவாளர்களைப் பிடித்து, ராஜா கண்முன்னே அவர்கள் மூக்கையும் காதையும் அறுக்கவைத்தார். இதற்கு எந்தச் சமாதானமும் நான் சொல்லப்போவதில்லை. அண்ணனுக்கே தாங்கவில்லை. தேவராஜய்யா தம்பியை விட்டுப் பிரிந்து சத்தியமங்கலம் போய்விட்டார். இரண்டு பேராக நின்று ஆண்ட குடும்பம் ஒற்றையாளாக நின்றது அன்று தொடங்கி.

அவர் விழுந்த கதையைக் கொஞ்சம் விரிவாகச் சொல்லுங்களேன்.
(குவெம்பு நகர், மைசூரு)

விரிவாகத்தான் சொல்லவேண்டும்.

1757-ல் மராட்டியப் பேஷ்வா வந்து பணம் கேட்டார். ரொக்கம் போதாமல் தாலுகாக்களை அடமானம் வைத்தார்கள். வருமானம் குறைந்தது, சம்பளப் பாக்கி ஏறியது. 1758-ல் சிப்பாய்கள் நஞ்சராஜர் வீட்டு வாசலில் தரணா உட்கார்ந்தார்கள். வீட்டுக்குள் சோறு தண்ணீர் போகக்கூடாது, அதுதான் தரணா. திருச்சிக்குள் அரிசி போகாமல் வாசலில் உட்கார்ந்தவரின் வாசலில், அவருடைய படையே வந்து உட்கார்ந்தது. ஹைதர் வந்தார், கணக்கைப் பார்த்தார், பாக்கியைத் தீர்த்தார், கோபக்காரர்களைக் கலைத்தார். சத்தியமங்கலத்திலிருந்து அண்ணனையும் சமாதானப்படுத்தி அழைத்துவந்தார். வந்த சில நாளில், ஜூன் மாதம், தேவராஜய்யா காலமானார்.

படைக்கு யார் சம்பளம் கொடுப்பார் என்று இப்போது எல்லோருக்கும் தெரிந்துவிட்டது. அடுத்த வருஷம் ராஜமாதாவும், ஹைதரின் கணக்கராக இருந்து அரண்மனைக்குள் செல்வாக்குப் பெற்ற கந்தே ராவும் ஹைதரோடு சேர்ந்து பேசி முடித்தார்கள். சிப்பாய்கள் மறுபடி பாக்கி கேட்டு எழுந்தார்கள். இந்தத் தடவை தீர்த்துவைக்க யாரும் வரவில்லை. நஞ்சராஜர் நிலைமையைப் புரிந்துகொண்டு பதவி விலகினார். மூன்று லட்சம் வராகன் வருமானத்தில் ஜாகீர், காவலுக்குக் கொஞ்சம் படை. மைசூருக்கு வந்து, இன்று அரண்மனை நிற்கும் இடத்தைச் சுற்றியிருந்த பழைய கோட்டையில் தங்கினார். அங்கிருந்தும் கிளம்பச் சொன்னபோது மறுத்தார். தான் வளர்த்த ஹைதர் தன்னை மூன்று மாதம் முற்றுகையிடுவதையும் பார்த்தார். கடைசியில் குறைந்த ஜாகீரோடு கோணனூருக்குப் போனார்.

கதை அங்கே முடிந்திருக்கலாம். 1760-ல் கந்தே ராவ் ராஜாவோடு சேர்ந்து ஹைதரையே கவிழ்த்தார். ஹைதர் இரவோடு இரவாகக் காவிரியைக் கடந்து பெங்களூருக்கு ஓடினார். படை திரட்டி வந்து நஞ்சன்கூட்டுப் பக்கம் மோதி, அங்கும் தோற்றார். மிஞ்சிய சுமார் இருநூறு குதிரைகளோடு ஓர் இரவு கோணனூரில் நஞ்சராஜரின் வாசலில் வந்து நின்றார். என் கஷ்டமெல்லாம் உங்களுக்குச் செய்த துரோகத்தால் வந்தது, மறுபடி உங்கள் சேவகனாக வைத்துக்கொள்ளுங்கள் என்று காலில் விழுந்தார். நஞ்சராஜர் மன்னித்தார். ஆளும் கொடுத்தார், தன் பெயரையும் கொடுத்தார்.

ஹைதருக்கு ஆளைவிடப் பெயர்தான் தேவைப்பட்டது. நஞ்சராஜரின் முத்திரையோடு கந்தே ராவின் தளபதிகளுக்குக் கடிதங்கள் போயின: பேசிக்கொண்டபடி கந்தே ராவைப் பிடித்துக் கொடுங்கள், பரிசு தயார். அப்படி ஒரு பேச்சே நடக்கவில்லை. கடிதம் கந்தே ராவின் கையில் சிக்கவேண்டும் என்பதற்காகவே எழுதியது. சிக்கியது. தன் தளபதிகளே தன்னை விற்றுவிட்டார்கள் என்று பயந்து அவர் குதிரை ஏறி ஓட, தலைவன் இல்லாத படையை ஹைதர் அடித்து நொறுக்கினார். திருச்சியில் யூசுப் கானுக்கு எதிராகத் தோற்ற அதே தந்திரம் இங்கே ஜெயித்தது. 1761-லிருந்து மைசூர் ஹைதருடையது. கந்தே ராவ் இரும்புக் கூண்டில்.

நஞ்சராஜருக்குக் கிடைத்த நன்றி? சில வருஷம் விட்டுவைத்தார். பிறகு அவர் மராட்டியரோடும் நிஜாமோடும் பேசுகிறார் என்று தெரிந்ததும் ஸ்ரீரங்கப்பட்டணத்துக்கு வரவழைத்துக் காவலில் போட்டு ஜாகீரையும் பறித்தார். 1773-ல் காவலிலேயே நஞ்சராஜர் இறந்தார்.

கையில் கத்தி தவிர வேறு எதையும் பிடித்ததில்லையா இந்த மனிதர்?
(ஈரோடு)

எழுத்தாணி பிடித்தவர். நம் ஆட்களில் பலருக்கு இது தெரியாதது எனக்கு வருத்தம். சிவபக்தர். மதுரைச் சொக்கநாதரின் திருவிளையாடல்களைச் சொல்லும் ஹாலாஸ்ய மாகாத்மியத்தைக் கன்னட உரைநடையில் தந்தவர் அவர். சிவகங்கை மலையின் பெருமை பேசும் ககுத்கிரி மாகாத்மியமும் அவர் பெயரில் உள்ளது. திருச்சிக் கோட்டையை வாங்கமுடியாத மனிதர் மதுரையை முழுசாகக் கன்னடத்துக்குக் கொண்டுபோயிருக்கிறார்.

அவர் சபையில் நரசிம்ம கவி என்று ஒரு சமஸ்கிருதப் புலவர். அபிநவ காளிதாசர் என்று பட்டம். அவர் எழுதிய ‘நஞ்சராஜ யசோபூஷணம்’ ஓர் அலங்கார நூல். உவமைக்கு எடுத்துக்காட்டா, நஞ்சராஜர். உயர்வு நவிற்சிக்கா, நஞ்சராஜர். நாடக இலக்கணத்துக்கு மாதிரியாக ஒரு முழு நாடகத்தையே உள்ளே வைத்து, அதிலும் நாயகன் நஞ்சராஜர்தான். புகழ்ச்சி ஒருபுறம் இருக்கட்டும், போரும் கடனும் சூழ்ந்த காலத்தில் இலக்கணத்துக்கும் காசு ஒதுக்கியிருக்கிறார். வார்விக் பிரபு ஒரு புத்தகம்கூட எழுதிவைத்துப் போகவில்லை.

மைசூரிலிருந்து ஒரே நாளில் இவர் சம்பந்தப்பட்ட இடங்களைப் பார்க்கமுடியுமா?
(விஜயநகர், மைசூரு)

முடியும். காலையில் நஞ்சன்கூட்டு ரோட்டைப் பிடியுங்கள். போகும்போதே தளவாய் கெரே ஏரி வரும். அதன் தண்ணீர் கெட்டுக் கிடப்பதைப் பார்த்து மனசு கனக்கும், பரவாயில்லை, பாருங்கள், பார்த்தால்தான் யாராவது கேட்பார்கள். நஞ்சன்கூட்டில் ஸ்ரீகண்டேஸ்வரர் தரிசனம். கபினி மேல் உள்ள பழைய கல்பாலத்தை 1735-ல் கட்டியதாகச் சொல்வார்கள், தேவராஜய்யாவின் காலம். அப்படியே களலேயில் லட்சுமிகாந்தர் கோவில். மதியச் சாப்பாடு முடித்து ஸ்ரீரங்கப்பட்டணம். அங்கே எல்லோரும் திப்புவைப் பார்க்கப் போகிறார்கள். திப்புவின் அப்பாவுக்கு முதல் குதிரை கொடுத்தவரும் அதே தீவில்தான் ஆண்டார், அதே தீவில்தான் கைதியாகச் செத்தார் என்று பிள்ளைகளிடம் சொல்லுங்கள்.

வார்விக், நஞ்சராஜர், இருவரில் யார் பெரியவர்?
(சேலம்)

தோல்வியில் நஞ்சராஜர். வார்விக்குக்கு ஒரே காலையில் முடிந்துவிட்டது. இவர் 1755-லிருந்து 1773 வரை அணு அணுவாக இழந்தார்.

நஞ்சராஜரிடம் ஒரே ஒரு கேள்வி கேட்கலாம் என்றால் என்ன கேட்பீர்கள்?
(ஜெயநகர், பெங்களூரு)

ஹைதர் கோணனூர் வாசலில் நின்ற இரவில் கதவைத் திறந்தது ஏன் என்று கேட்பேன். கிழவர் மனசு இளகிவிட்டது என்று சொல்வாருண்டு. நான் நம்பவில்லை. அரண்மனைக் கதவைப் பீரங்கியால் உடைத்தவர் அழுகைக்கு இளகமாட்டார். கந்தே ராவ் ஜெயித்தால் ஆட்சி ராஜா கைக்குப் போகும், 1756-ல் காதும் மூக்கும் போனவர்களின் சொந்தபந்தம் பழி கேட்டு வரும். ஹைதர் ஜெயித்தால் தளவாய் என்ற பேராவது மிஞ்சும் என்று நினைத்திருப்பார். ஹைதர் அந்தப் பேரையும் தனக்கே எடுத்துக்கொண்டார்.